எடுத்த ரத்தத்தை என்ன செய்தீர்கள்?

(பொது சுகாதார ஊழியர்களுக்காக நடந்த வகுப்பில் முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

நான் டாக்டர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. பத்தாவது பாஸ் செய்தவன், அவ்வளவுதான். ரத்தம், சளி, கிருமி இவை பற்றி உங்களிடம் பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்கக் காரணமாக இருந்தவர் ஒரு விவசாயக் கூலிப் பெண். அவர் கேட்ட ஒரு கேள்வி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நான் வேலை செய்த கிராமத்தில் காய்ச்சல் பரவியது. வீட்டுக்கு ஒருவர் படுத்துவிட்டார்கள். காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலையில் நாங்கள் சிலர் இருந்தோம். நடவு வேலைக்குப் போகிற ஒரு தாய் தன் எட்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரத்தம் எடுத்தார்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், மூன்று நாளில் தெரியும்" என்றார்கள். மூன்றாம் நாள் கூலியை விட்டுவிட்டு அந்த அம்மா மறுபடியும் வந்தார். ரிசல்ட் இல்லை. "இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்" என்றார் லேப் டெக்னீஷியன். ஊசியைப் பார்த்ததும் குழந்தை அலறியது. அம்மா கேட்டார்:

"முதல்ல எடுத்த ரத்தத்தை என்ன தம்பி செஞ்சீங்க?"

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. "அக்கா, பஸ்ஸிலே நான்தான் பெட்டியைக் கொண்டு போனேன். வழியிலே ஐஸ் உருகிப்போச்சு. குழாயிலே ஒட்டின சீட்டெல்லாம் நனைஞ்சு மை கரைஞ்சுபோச்சு. எது யாரோட ரத்தம்னு தெரியலே" என்றார். அவர் ஒப்பந்தச் சம்பளக்காரர். தண்ணீரில் அழியாத பேனா அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நல்ல பெட்டி கொடுக்கப்படவில்லை. வண்டி கொடுக்கப்படவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஊரில் அன்றைக்குப் பரவியது என்ன காய்ச்சல் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தோழர்களே, இது ஒரு குழாய் ரத்தத்தின் கதை. ஒரு தேசத்தின் கதையும், உலகத்தின் கதையும் இதேதான் என்பதை நான் படிக்கப் படிக்கத் தெரிந்துகொண்டேன்.

விவசாயி வீட்டில் விதை நெல்லுக்குத் தனிக் குதிர் உண்டு. வயிறு காய்ந்தாலும் அதில் கை வைக்கமாட்டான். இது இன்ன ரகம், இன்ன வருஷத்து அறுவடை என்பது அவனுக்குத் தெரியும். அதே போல, நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தம், சளி, திசு, அவற்றிலிருந்து பிரித்த கிருமி, நோய் பரப்புகிற கொசு, உண்ணி இவற்றையெல்லாம் சீட்டு ஒட்டி, பதிவு செய்து, கெடாமல் பாதுகாத்து வைக்கிற இடங்கள் இருக்கின்றன. மாதிரிக் களஞ்சியம் என்று சொல்லலாம். அது எதற்கு? யார் காக்கிறார்கள்? யாருக்குச் சொந்தம்? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று பேசப் போகிறேன்.

காட்பாடிக்குப் போன ஐஸ் பெட்டி

நம்முடைய சென்னையிலிருந்தே ஆரம்பிப்போம்.

1985-86ல் எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் வியாதி, நம் நாட்டில் அது கிடையாது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவிடம் பேராசிரியை சுனிதி சாலமன் ஒரு வேலையைக் கொடுத்தார். அந்தக் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் நிர்மலா போனார். கையுறைகூட இல்லை. 80க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

அவற்றை எங்கே வைப்பது? ஆராய்ச்சிக்கென்று ஒரு குளிர்பெட்டி கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்தார்கள்! சோதிக்கிற வசதியும் அன்று சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவருடைய கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே சோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் அத்தாட்சி அதுதான்.

யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கான மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சாட்சியம், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நம்பி இருந்தது. அந்த ஐஸ் வழியில் உருகியிருந்தால்? சீட்டு அழிந்திருந்தால்? "நம் நாட்டில் அது கிடையாது" என்று இன்னும் சில வருஷம் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள். வியாதி பரவிக்கொண்டே இருந்திருக்கும். தனி மனிதர்களின் உழைப்பையும் தியாகத்தையும் நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் தனி மனிதர்களின் தியாகத்தை நம்பி ஒரு நாடு இருக்கலாமா?

பழைய கிருமி சொன்ன சாட்சி

இனி, பாதுகாத்து வைத்ததால் கிடைத்த பலனைப் பாருங்கள்.

2006ம் வருஷத்தை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். சிக்குன்குனியா வந்த வருஷம். மூட்டு மூட்டாக வலி, நிமிர முடியாது. வாலிபர்களெல்லாம் கிழவர்களைப் போலக் குனிந்து நடந்தார்கள். குனிய வைப்பது என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மக்களுடைய மொழிச் சொல் அது. அப்போது நான் கட்சி வேலைக்குப் புதிதாக வந்தவன். நாற்று முற்றிப் போகிறது, நடுவதற்கு ஆள் இல்லை. ஆள் இருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. அந்த வருஷம் இந்தியாவில் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? 1963ல் கல்கத்தாவிலும், 1964ல் சென்னை, வேலூர், புதுச்சேரியிலும், 1973ல் மகாராஷ்டிரத்தின் பார்சியிலும் இதே வியாதி வந்து போயிருந்தது. பிறகு 30 வருஷத்துக்கு மேல் பெரிய சந்தடி இல்லை. பழைய கிருமி எங்கோ ஒளிந்திருந்து மறுபடி கிளம்பிவிட்டதா? அல்லது புதிதாக உள்ளே வந்ததா?

இதற்கு விடை பூனாவில் இருந்தது. 1952ல் அங்கே வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1978ல் அதுவே தேசிய வைராலஜி நிறுவனம் ஆயிற்று. 1963லிருந்து நம் ஜனங்களின் ரத்தத்தில் பிரித்தெடுத்த பழைய கிருமிகளை அங்கே வைத்திருந்தார்கள். அவற்றையும் 2006ன் புதுக் கிருமியையும் அருகருகே வைத்துப் பரம்பரையைப் படித்தார்கள். 1963-73 காலத்துக் கிருமி ஆசிய வம்சம். 2006ல் வந்ததோ ஆப்பிரிக்க வம்சம்! ஆக, பழைய ஆள் திரும்பி வரவில்லை. வந்தது வேறு ஆள்.

இன்னும் ஒன்று. பூனா ஜில்லாவில் யவத் என்ற கிராமம். 2000ம் ஆண்டில் அங்கே பிடித்த கொசுக்களிலிருந்து எடுத்த கிருமி ஒன்றும் சேமிப்பில் இருந்தது. அதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அதுவும் ஆப்பிரிக்க வம்சம்தான். அதாவது, ஊரெல்லாம் குனிந்து நடப்பதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே புதுக் கிருமி நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் இரண்டு. வைத்திருந்ததால் உண்மை தெரிந்தது; இது ஒரு பாடம். வைத்திருந்தால் மட்டும் போதாது, வைத்ததை அவ்வப்போது எடுத்துப் படிக்க ஆளும் பணமும் வேண்டும். இது அடுத்த பாடம். பூட்டிய பீரோவில் இருக்கும் புத்தகம் யாருக்கும் பாடம் சொல்லாது.

மெழுகுக் கட்டியில் இருந்த உண்மை

இன்னும் பழைய கதை ஒன்று. 1918ல் உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இவ்வளவு பேரைக் கொன்ற கிருமி எது என்று அன்று யாருக்கும் தெரியாது. வைரஸைக் கண்டுபிடிக்கும் வித்தையே அன்று முழுசாக வளரவில்லை.

அமெரிக்க ராணுவம் 1862ல் ஒரு மருத்துவக் காட்சிசாலை அமைத்தது. இறந்த சிப்பாய்களின் உடலிலிருந்து எடுத்த திசுத் துண்டுகளை மருந்தில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, எண் போட்டு அடுக்குகிற பழக்கம் அங்கே இருந்தது. 1918 செப்டம்பர் 26ந் தேதி, தென் கரோலினாவில் ஒரு ராணுவ முகாமில் 21 வயதுச் சிப்பாய் ஒருவர் இந்தக் காய்ச்சலில் இறந்தார். அவருடைய நுரையீரலில் ஒரு துணுக்கு அந்தக் கட்டிகளில் ஒன்றானது. 79 வருஷம் அது அப்படியே கிடந்தது. 1997ல் டாபன்பெர்கர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் அதிலிருந்து கிருமியின் துண்டுகளைப் படித்தார்கள். இன்னொரு சிப்பாயின் திசுவும், அலாஸ்காவில் உறைபனி நிலத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் நுரையீரலும் துணை நின்றன. 2005ல் அந்தக் கிருமியின் முழு அமைப்பும் தெரிந்துவிட்டது.

1918ல் அந்தக் கட்டிக்கு எண் போட்டுப் பதிவேட்டில் எழுதிய சிப்பந்தி யார் என்று சரித்திரம் சொல்லவில்லை. தான் எழுதியது எதற்குப் பயன்படும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒழுங்காக எழுதினார். உங்கள் வேலையின் பெருமை இதுதான், தோழர்களே! இன்று நீங்கள் ஒட்டுகிற சீட்டை உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்து விஞ்ஞானி படிப்பார்.

காவல் என்றால் என்ன?

ரத்தத்தையும் கிருமியையும் பாதுகாப்பது சும்மா அடுக்கி வைக்கிற காரியம் அல்ல. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி போதாது. பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி வரை போகிற பிரீசர் வேண்டும். சிலவற்றைத் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. ஒரு மாதிரியை ஒரே குழாயில் வைக்கக்கூடாது. சிறு சிறு குழாய்களாகப் பங்கிட வேண்டும். ஏனென்றால் எடுத்து உருக்கி, மறுபடி உறைய வைத்தால் ஒவ்வொரு தடவையும் அதன் தரம் கெடும். பங்கிட்டதில் ஒரு பகுதியை வேறொரு ஊரில் வைக்க வேண்டும். இங்கே தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அங்கே இருக்கும். யாரிடம் எடுத்தது, என்றைக்கு, எந்த ஊரில், காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள், என்ன சிகிச்சை கொடுத்தார்கள், இவையெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவு இல்லாத குழாய் முகவரி இல்லாத கடிதம் மாதிரி. தூக்கி எறிய வேண்டியதுதான்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். குளிர் குறைந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் ஓடி வர ஆள் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பணக்கார நாடுகளே சறுக்கி விழுந்திருக்கின்றன.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மூளைச் சேமிப்பு நிலையத்தில் 2012ல் ஒரு பிரீசர் நின்றுபோனது. இரண்டு மணிகள் இருந்தும் இரண்டும் அடிக்கவில்லை. ஆராய்ச்சிக்காகக் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த சுமார் 150 மூளைகள் சேதமாயின. ஸ்வீடனில், நோபல் பரிசுக்குப் பேர்போன கரோலின்ஸ்கா நிலையத்தில், 2023 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை நேரத்தில் 16 தொட்டிகளுக்குத் திரவ நைட்ரஜன் வரத்து நின்றது. யாரும் உடனே கவனிக்கவில்லை. கவனித்தபோது உள்ளே இருந்தவை உருகிவிட்டன. ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் பல வருஷங்களாகச் சேர்த்தவையும் அதில் போயின.

இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி, பண்டிகை நாளிலும் ஒரு கண் அதன்மேல் இருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரரை ஒப்பந்தக் கூலியாக வைத்து, அடுத்த மாதம் வேலை உண்டோ இல்லையோ என்று தவிக்கவிட்டால் காவல் எப்படி நடக்கும்? கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்க மனம் வருகிறது. அதைக் காக்கிற மனிதனை நிரந்தரமாக்க மனம் வரவில்லை! இது சிக்கனம் அல்ல. விதை நெல்லைக் காக்க ஆள் வைக்காமல் எலிக்குக் கொடுப்பது.

பூட்டு சரியில்லை என்றால்

களஞ்சியத்தில் இருப்பது விதை நெல் மட்டும் அல்ல, விஷமும் இருக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வைசூரி மனித குலத்தின் பரம வைரி. இந்தியாவில் 1975ல் ஒழிந்தது. உலகத்திலேயே இயற்கையாக அது கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்க்கா ஊர்ச் சமையற்காரர். அது 1977 அக்டோபர். சோவியத் நாடும் அமெரிக்காவும் பகையை மறந்து இந்த ஒரு காரியத்தில் தோள் கொடுத்தன. லட்சக்கணக்கான சாதாரண ஊழியர்கள் வீடு வீடாகப் போய் அம்மை குத்தினார்கள். அதனால் கிடைத்த வெற்றி இது.

ஆனால் 1978ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் ஜேனட் பார்க்கர் என்ற பெண்மணிக்கு வைசூரி கண்டது. அவர் அங்கே மருத்துவக் கல்லூரியில் போட்டோ எடுக்கும் ஊழியர். அவர் வேலை செய்த அறைக்குக் கீழ் மாடியில் வைசூரிக் கிருமியை வைத்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 11ந் தேதி அவர் இறந்தார். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரான பேராசிரியர் தற்கொலை செய்துகொண்டார். கிருமி எந்த வழியாக மேலே போனது என்ற விவாதம் பிறகும் ஓயவில்லை. ஆனால் ஊரில் ஒழிந்த வியாதி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கிளம்பி, ஆராய்ச்சியில் சம்பந்தமே இல்லாத ஓர் ஊழியரைக் கொன்றது என்பதில் சந்தேகம் இல்லை.

1980 மே மாதம் வைசூரி ஒழிந்தது என்று உலக சுகாதார சபை பிரகடனம் செய்தது. பல நாடுகள் தங்களிடம் இருந்த கிருமியை அழித்தன, அல்லது ஒப்படைத்தன. கடைசியில் இரண்டே இடங்களில்தான் வைப்பது என்று ஆயிற்று. ஒன்று அமெரிக்காவில் அட்லாண்டா. மற்றொன்று முதலில் மாஸ்கோ. 1994லிருந்து சைபீரியாவில் கொல்ட்சோவோ.

கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2014 ஜூலையில் அமெரிக்கத் தலைநகருக்குப் பக்கத்தில் பெத்தெஸ்டாவில், அரசாங்க ஆராய்ச்சி வளாகத்தில் ஒரு குளிர் அறையைக் காலி செய்தார்கள். ஓர் அட்டைப் பெட்டி அகப்பட்டது. அதில் வைசூரி என்று சீட்டு ஒட்டிய 6 கண்ணாடிக் குப்பிகள்! 1950களில் வைத்தவை. சோதித்துப் பார்த்ததில் 2 குப்பிகளில் கிருமி உயிரோடு இருந்தது. உலகத்துக்கே கணக்குக் கேட்கிற வல்லரசின் சொந்த வீட்டில் 60 வருஷமாகப் பதிவேட்டில் இல்லாத விஷம் கிடந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: பதிவேடு என்பது குமாஸ்தா வேலை என்று யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம். பொதுமக்களின் உயிர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதை வைக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்பதெல்லாம் பகிரங்கமாகக் கணக்கில் வர வேண்டும்.

யாருடைய சொத்து?

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தச் சேமிப்பெல்லாம் யாருக்குச் சொந்தம்?

2005லிருந்து இந்தோனேஷியாவில் பறவைக் காய்ச்சல் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கோழி வளர்க்கிற ஏழைக் குடும்பங்கள்தான் அதிகம் பலியாயின. உலக ஏற்பாட்டின்படி அந்த நாடு கிருமி மாதிரிகளை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்பி வந்தது. இன்புளுயன்சாவுக்கான இந்த ஏற்பாடு 1952லிருந்து நடப்பது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் இந்தோனேஷியாவுக்கு ஒரு செய்தி எட்டியது. தங்கள் மக்களிடமிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் தனியார் கம்பெனி ஒன்று தடுப்பு மருந்து தயாரிக்கிறது! தங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மருந்தை விலை கொடுத்து வாங்கவோ ஏழை நாட்டால் முடியாது.

2007 ஆரம்பத்தில் சுகாதார மந்திரி சித்தி பாதிலா சுபாரி, இனி மாதிரிகளை அனுப்பமாட்டோம் என்று அறிவித்தார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. உலகத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றன. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. கிருமிக்கு எல்லைக்கோடு தெரியாது. மாதிரியை மறைத்தால் எல்லோருக்கும்தான் ஆபத்து. கதவை அடைப்பது நிரந்தர வழி அல்ல. ஆனால் ஏழை கொடுக்க வேண்டியது கடமை, பணக்காரன் திருப்பிக் கொடுப்பது மட்டும் தருமமா? அந்த மந்திரியின் கேள்வி இதுதான். அதற்கு நேர்மையான பதில் அப்போது யாரிடமும் இல்லை.

நாலு வருஷப் பேச்சுக்குப் பின் 2011 மே மாதம் உலக சுகாதார சபையில் ஒரு ஏற்பாடு உருவாயிற்று. பெருந்தொற்றாகக் கூடிய இன்புளுயன்சாக் கிருமியை நாடுகள் தயக்கமில்லாமல் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதைப் பயன்படுத்தும் கம்பெனிகள் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். பெருந்தொற்று வந்தால் மருந்தில் ஒரு பங்கை ஏழை நாடுகளுக்காக ஒதுக்க வேண்டும். ஒரு நாடு எழுந்து நின்று கேட்டதால் கிடைத்த பலன் இது.

ஆனால் அது இன்புளுயன்சாவுக்கு மட்டும். 2020ல் கொரோனா வந்தபோது அந்த விதி செல்லவில்லை. பணக்கார நாடுகள் மருந்தை முன்கூட்டியே வாங்கிக் குவித்துக்கொண்டன. 2025 மே 20ந் தேதி பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை உலக சுகாதார சபை ஏற்றது. கிருமியைப் பகிர்கிற ஏற்பாட்டில் சேரும் கம்பெனிகள் தயாரிப்பில் 20 சதவீதத்தை ஒதுக்குவது, அதில் குறைந்தது பாதியை இனாமாகத் தருவது என்று அதில் இலக்கு வைத்தார்கள். ஆனால் மாதிரியை எப்படிக் கொடுப்பது, பலனை எப்படிப் பங்கிடுவது என்ற விவரத்தை மட்டும் தனி இணைப்பாகப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிட்டார்கள். முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

அயல்நாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீட்டையும் பார்ப்போம். 2020 மார்ச்சில் நம் நோயாளிகளின் தொண்டைச் சளியிலிருந்து பூனா நிறுவனம் கொரோனாக் கிருமியைப் பிரித்தெடுத்தது. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம். சபாஷ் போட வேண்டிய சாதனை. அந்தக் கிருமி ஐதராபாத்தின் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கோவாக்சின் தயாரானது. 2021 ஏப்ரலில் அந்தக் கம்பெனி விலை சொன்னது: மாநில சர்க்கார்களுக்கு 600 ரூபாய், தனியார் ஆஸ்பத்திரிக்கு 1,200 ரூபாய். எதிர்ப்புக் கிளம்பியதும் மாநிலங்களுக்கு 400 ஆயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு விற்பனையில் 5 சதவீத ராயல்டி உண்டு என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. சளி ஜனங்களுடையது, ஆராய்ச்சிக்கூடம் ஜனங்களுடையது, விஞ்ஞானியின் சம்பளம் ஜனங்களுடையது. விலையை நிர்ணயிப்பது மட்டும் கம்பெனியா? பொதுக் களஞ்சியத்திலிருந்து ஒரு குழாய் வெளியே போகும்போது, அதனால் வரும் மருந்து என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற நிபந்தனையும் கூடவே போக வேண்டும். அதைத்தான் நாம் கேட்கிறோம்.

கொடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா?

மறுபடியும் 1986க்கு வருகிறேன். அந்தக் காப்பகத்துப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். இதை டாக்டர் நிர்மலாவே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து வழக்கம் அது. அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு மறுக்கவும் வழியில்லை. அந்தப் பெண்கள் கொடுத்த ரத்தத்தால் நாடு விழித்துக்கொண்டது, லட்சக்கணக்கானவர்கள் தப்பினார்கள். அவர்களுக்கு நாடு என்ன செய்தது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற ஆதிகுடி மக்கள் இருக்கிறார்கள். 1990ல் ஆரம்பித்து அவர்களிடம் நீரிழிவு ஆராய்ச்சி என்று சொல்லி அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்று ரத்தம் வாங்கியது. பிறகு மனநோய் ஆராய்ச்சி, அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற ஆராய்ச்சி என்று அவர்களைக் கேளாமலே பலவற்றுக்கும் பயன்படுத்தியது. விஷயம் தெரிந்ததும் அந்த மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010ல் 7 லட்சம் டாலர் நஷ்டஈடு வாங்கினார்கள். அதைவிட முக்கியம், மிச்சமிருந்த தங்கள் ரத்தத்தைத் திரும்ப வாங்கி ஊருக்குக் கொண்டு போனார்கள்.

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறையில் நல்ல வாசகம் இருக்கிறது. மாதிரியின் சொந்தக்காரர் அதைக் கொடுத்தவரே. வைத்திருக்கும் நிலையம் காவலாளிதான். கொடுத்தவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். காகிதத்தில் இருக்கிறது, தோழர்களே! அதை வார்டுக்கும் கிராமத்துக்கும் கொண்டு வருவது யார்? நீங்கள்தான். "அம்மா, இந்த ரத்தத்தில் ஒரு பங்கு சோதனைக்குப் போகிறது, ஒரு பங்கை ஆராய்ச்சிக்காக வைத்துக்கொள்ளலாமா?" என்று அவர் மொழியில் கேட்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் அடுத்த பெருந்தொற்றில் சோதனைக்காரரைக் கண்டதும் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை இவை:

1. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அழியாத சீட்டு, நல்ல குளிர்பெட்டி, கொண்டு போக வண்டி கொடுக்க வேண்டும்.

2. நோய்க் களஞ்சியங்கள் பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு ஊரில் மறுபிரதி வேண்டும்.

3. அங்கே வேலை செய்யும் டெக்னீஷியன், காவலாளி, துப்புரவுத் தொழிலாளி அனைவரும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். பயிற்சியும் பாதுகாப்புச் சாதனங்களும் பெற வேண்டும்.

4. ஆபத்தான கிருமிகளின் கணக்கை ஆண்டுதோறும் சுயேச்சையான குழு சரிபார்க்க வேண்டும்.

5. கம்பெனிக்கு மாதிரி கொடுத்தால் விலைக் கட்டுப்பாட்டு நிபந்தனையோடு கொடுக்க வேண்டும்; அந்த ஒப்பந்தம் பகிரங்கமாக வேண்டும்.

6. கொடுத்தவரின் சம்மதமும், முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் சட்டமாக வேண்டும்.

இவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. உங்கள் சங்கத்தின் அடுத்த மகஜரில் எழுதக்கூடியவை.

அந்த நடவுத் தொழிலாளி அம்மா கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. நாளை இன்னொரு தாய் கேட்கும்போது நீங்கள் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும்: "அக்கா, உன் மகள் ரத்தம் இன்ன எண்ணில், இன்ன இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து இது இன்ன காய்ச்சல் என்று கண்டுபிடித்தோம். அதனால் பக்கத்து ஊர்க் குழந்தைகள் பிழைத்தார்கள்." அப்படிச் சொல்லும் நாளைக் கொண்டு வருவோம், தோழர்களே!